சுவரைத் தாண்டிப் போன வயர்

"உள்ள வர்ற ஆளுக்குக் கண்ணு கூசணும் நானா. அந்த மாதிரி லைட் போடுங்க" என்றார் தனபாலன்.

"கண்ணு கூசினா வளையல் கலர் எப்பிடி மொதலாளி தெரியும்?" என்றான் மஹ்ரூப்.

கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தனபாலனின் ஃபேன்சி கடை. சின்னக் கடைதான், அதுவும் வாடகைக் கடை. தீபாவளிக்கு முன்னால் பழைய வயரையெல்லாம் மாற்றிவிட வேண்டும் என்று அக்குறணையிலிருந்து எலக்ட்ரீஷியன் மஹ்ரூப் நானாவை வரவழைத்திருந்தார். கடைக்குச் சொந்தக்காரரும் ஒருவழியாகத் தலையாட்டிவிட்டார்.

"போர்டைச் சுத்தி ஓடி ஓடி எரியிற லைட். ஷோகேசுக்கு ரெண்டு. பிள்ளையார் படத்துக்கு ஒண்ணு. நான் உக்கார்ற கதிரைக்கு மேல ஒண்ணு."

"கதிரைக்கு மேல எதுக்கு?"

"மொதலாளி யாருன்னு தெரியணும்ல?"

மஹ்ரூப் சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறி சீலிங் பலகை ஒன்றைத் தள்ளினான். தனபாலனும் கதிரை மேல் ஏறி எட்டிப் பார்த்தார்.

பழைய வயர் ஒன்று சுவர் ஓட்டை வழியாகப் பக்கத்துக் கடைக்குப் போனது. பஸீஹாவின் தையல் கடைக்கு.

"பாத்தீங்களா நானா! என் கரண்ட் அந்தப் பக்கம் போகுது!"

"இல்ல மொதலாளி, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். உங்களுக்கு வயரைத்தான் தெரியும். எனக்கு மனுசங்களைத் தெரியும்!"

கதிரையிலிருந்து குதித்தவர் நேரே தெருவில் போய் நின்றார்.

"எல்லாரும் வாங்க! இந்த அநியாயத்தைக் கேளுங்க!"

டீக்கடை வீரய்யா வந்தார். த்ரீவீல்காரர்கள் வந்தார்கள். சும்மா போய்க்கொண்டிருந்தவர்களும் நின்றார்கள். பஸீஹாவும் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே வாசலுக்கு வந்தாள்.

"இந்தம்மா கடையில ரெண்டு மெஷின் ஓடுது. யார் கரண்ட்டுல? என் கரண்ட்டுல! இந்தத் தெருவுல பாதிப் பேர் போட்டிருக்கிற சட்டை என் கரண்ட்டுல தச்சது!"

வீரய்யா குனிந்து தன் சட்டையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அண்ணன், கொஞ்சம் உள்ள வாங்க. பேசுவோம்" என்றாள் பஸீஹா மெதுவாக.

"உள்ள என்ன பேச்சு? எல்லாம் வெளிச்சத்துக்கு வரட்டும்! இப்ப என் மெயின் சுவிட்சை நிப்பாட்டுறேன். இந்தம்மா கடை இருட்டாகுதா இல்லையான்னு பாருங்க!"

உள்ளே ஓடி, டக்கென்று நிறுத்தினார்.

பஸீஹா கடையில் லைட் எரிந்தது. உள்ளே தைத்துக்கொண்டிருந்த பெண்ணின் மெஷின் சத்தமும் நிற்கவில்லை.

தனபாலன் கடையில் ஃபேன் நின்றது. ஆனால் பின்பக்கத்து லைட் இரண்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தன.

சுவிட்சைப் போட்டார். மறுபடி நிறுத்தினார். அந்த இரண்டு லைட்டும் அசையவில்லை.

"மெயின் ஆஃப். அப்ப இது யார் கரண்ட்?" என்றார் வீரய்யா.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தனபாலனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஃபேனும் இல்லை.

பஸீஹா முன்னால் வந்தாள்.

"என் கரண்ட்தான். நான்தான் அண்ணனுக்குக் குடுத்தேன். யாவார மும்முரத்துல அவருக்கு மறந்துபோச்சு. நீங்கள்லாம் போய் வேலையைப் பாருங்க."

இவ்வளவுதானா என்று கூட்டம் கலைந்தது.

"எப்பம்மா குடுத்தீங்க?" என்றார் தனபாலன்.

"நான் எங்க குடுத்தேன்? முந்தி ரெண்டும் ஒரே கடையாம். நடுவுல சுவர் வச்சப்ப அந்த வயரை அப்பிடியே விட்டுட்டாங்க. போன வருஷம் என் கடைக்கு வயரிங் செஞ்சப்பதான் மஹ்ரூப் காட்டினாரு."

"வெட்டட்டான்னு கேட்டேன். பஸீஹா ராத்தாதான் வாணாம்னாங்க" என்றான் மஹ்ரூப், ஏணியில் இருந்தபடியே.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

பஸீஹா கழுத்திலிருந்த டேப்பை எடுத்துச் சுருட்டினாள்.

"அப்ப உங்க யாவாரம் படுத்திருந்த நேரம். இதுவும் தெரிஞ்சா வெக்கத்துல கடையை மூடிட்டுப் போயிருவீங்கன்னு பயந்தேன் அண்ணன். நீங்களே ஊரைக் கூட்டுவீங்கன்னு நெனக்கல்ல!"