மூன்று நாள் பூசணிக்காய்

பூசணிக்காயைக் காரின் முன்சீற்றில் இருத்தி, அதற்கு பெல்ற்றையும் போட்டுவிட்டார் செல்வரட்ணம். டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரத் தெருவெல்லாம் உறைபனி. வழக்கமாக வீச்சாக ஓட்டுகிறவர், அன்று சந்திக்குச் சந்தி பிரேக்கை அமத்தி ஊர்ந்து போனார்.

இனி அவர் மாப்பிள்ளை அல்லவா. அன்று பின்னேரம்தான், அவர் பெண் கேட்டிருந்த மேரிகிறேஸ் இதைத் தன் பதில் என்று சொல்லி அவர் கையில் கொடுத்திருந்தாள்.

1986 தை மாதம். அந்த ஊருக்கு முதலில் வந்த தமிழர் செல்வரட்ணம்தான். டெனிஷ் பேசுவார், கார் வைத்திருந்தார். இந்த இரண்டையும் வைத்தே மற்ற எல்லாரையும் அளந்தார். பின்னால் வந்தவர்களுக்கு மொழிபெயர்க்கக் கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்துக்குக் கூடப் போவார். திரும்பும் வழியில் அவர்கள் விழித்த விழியை அவர்களுக்கே நடித்துக் காட்டிச் சிரிப்பார். ஹோட்டலில் கோப்பை கழுவிய பாலேந்திராவுக்கு அவர் வைத்த பெயர் 'ஈரக்கை.'

நிக்கலஸின் அகதி மனுவுக்கு மொழிபெயர்த்ததும் அவர்தான். அதற்குக் கைமாறாக அவனுடைய தங்கை மேரிகிறேசைக் கேட்டார். கேட்டார் என்பதும் சரியில்லை, அறிவித்தார். விசாரணையில் தான் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் என்ன நடக்கும் என்றும் சிரித்துக்கொண்டே நினைவூட்டினார். நிக்கலஸ் தலையைச் சொறிந்தான். இப்படி ஒரு முதுகெலும்பில்லாத மச்சான் கிடைத்ததில் அவருக்குத் திருப்தி.

மேரிகிறேஸ் சலவைத் தொழிற்சாலையில் ஆஸ்பத்திரி விரிப்புகளை மடிக்கிறவள். விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பது ஹன்னா. உக்ரேனில் பிறந்து, இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு டென்மார்க் வந்து, ஒரு டெனிஷ்காரனைக் கட்டி, இப்போது விதவை. நிக்கலஸ் வீட்டுக்குக் கீழ்வீட்டில்தான் இருந்தாள். பழைய நாட்காட்டிக் கணக்குப்படி அவளுக்கு நத்தார், அதாவது கிறிஸ்மஸ், தை ஏழாம் திகதிதான் வரும். அது நெருங்க நெருங்க அவள் வாயில் ஊர்க்கதைதான். நட்சத்திரம் தூக்கிப் பாடித் திரியும் பெடியள், அந்த இரவு மட்டும் பேசும் மாடுகள், பெண் கேட்டுக் கதவைத் தட்டும் மாப்பிள்ளைகள். மேரிகிறேஸ் மடிப்புக் குலையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆறாம் திகதி திங்கட்கிழமை பின்னேரம், செல்வரட்ணம் மோதிரத்தோடு வந்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டார். மேரிகிறேஸ் கீழே இறங்கிப் போய், ஹன்னாவின் நிலவறையிலிருந்து அந்தப் பூசணிக்காயைத் தூக்கி வந்தாள்.

"இதுதான் என்ரை பதில். மூண்டு நாளைக்கு வெட்டக்கூடாது, ஒரு நிமிசமும் தனிய விடக்கூடாது, என்ரை முகத்திலையும் முழிக்கக்கூடாது. பிறகு எல்லாம் நல்லபடி நடக்கும்."

இது உக்ரேன்காரரின் நத்தார் விசேடம் என்றாள். நிக்கலஸ் தான் வியாழக்கிழமை லீவு எடுத்திருப்பதாகச் சொன்னான். ஏன் என்று செல்வரட்ணம் கேட்கவில்லை. நிக்கலஸ் சொல்வதை அவர் எப்போது காதில் வாங்கினார்?

சைவக்காரர் நாவூறு கழிக்கப் பூசணிக்காய் வெட்டுவதைக் காட்டுமிராண்டித்தனம் என்று நக்கலடித்தவர் அவர். ஆனால் இது வெள்ளைக்காரரின் பூசணிக்காய். அதில் ஏதோ விஷயம் இருக்கும்.

மறுநாள் காலையில் வேலைத்தலத்துக்குப் போன் எடுத்து, காய்ச்சல் என்று இருமிக் காட்டினார். மூன்று நாளும் வாசற்படி தாண்டவில்லை. சாப்பிடும்போது காய் மேசையில் இருந்தது. குளிக்கும்போது குளியலறை வாசலில் இருந்தது. படுக்கும்போது தலையணையில் பாதியை அதற்கு விட்டுக்கொடுத்தார். கொம்யூன் அலுவலகத்தில் அவருக்காகக் காத்திருந்தவர்கள், காத்திருந்து அலுத்து, தெரிந்த நாலு டெனிஷ் சொல்லைத் தாங்களே சொல்லிப் பார்த்தார்கள். அலுவல் நடந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் முகம் மழித்து, கோட் போட்டு, காயையும் அணைத்துக்கொண்டு வந்து இறங்கினார் செல்வரட்ணம். கட்டட வாசலில் ஹன்னா பனி தள்ளிக்கொண்டிருந்தாள். இதை இன்னும் சமைக்கவில்லையா என்று கேட்டாள். மூன்று நாள் விரதத்தை அவர் தன் டெனிஷில் பெருமையோடு விளக்கினார்.

ஹன்னா மண்வெட்டியில் சாய்ந்துகொண்டாள். மூன்று நாள் கணக்கொன்றும் தங்கள் ஊரில் கிடையாது, அது அந்தப் பெண் தானாகச் சேர்த்ததாயிருக்கும் என்றாள். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்றால் பெண் பூசணிக்காயைக் கொடுப்பாள். அவன் வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போவான். அவ்வளவுதான்."

செல்வரட்ணம் இரண்டிரண்டு படியாக ஏறிப்போய்க் கதவை இடித்தார். நிக்கலஸ் திறந்தான். எங்கே உன் தங்கை என்று கேட்டார். அவளுக்கும் பாலேந்திராவுக்கும் நேற்று கொம்யூனில் கலியாண எழுத்து முடிந்தது, காலை ரெயிலில் இரண்டு பேரும் எஸ்பியர்க் நகரத்துக்குப் போய்விட்டார்கள் என்றான் நிக்கலஸ்.

செல்வரட்ணத்தின் முகம் பூசணிக்காயை விடச் சிவந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"அந்தக் கோப்பை கழுவுறவனுக்கு எந்த விசரன் சாட்சிக்கு நிண்டவன்?"

நிக்கலஸ் கதவை இன்னும் அகலத் திறந்தான்.

"நான்தான் நிண்டனான், அண்ணை."