எரியாத மேகம்

கோளரங்கத்தில் ஒவ்வொரு காட்சிக்கும் நேரில் நின்று விளக்கம் சொல்கிறவள் மாதங்கி. குழந்தை இறந்தே பிறந்து நாற்பது நாள் கழித்து இன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். அழாத பிள்ளைக்குப் பேர் வைக்கிற வழக்கமில்லை என்று சொல்லி, வீட்டுப் பெரியவர்கள் அன்றைக்கே புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். அதன்பிறகு யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"அந்த மேகக் காட்சியை இன்னிக்கு விட்டுடட்டுமா மேடம்?" என்று கேட்டார் படக்கருவியை இயக்கும் தேவசகாயம்.

"வேணாம் சார், ஓடட்டும்."

கூரையில் ஆதிகாலத்து வாயுமேகம் ஒன்று விரிந்தது. "இது நட்சத்திரமாகியிருக்க வேண்டியது. ஆனா ஒரு நொடிகூட எரியாம, தன் பாரம் தாங்காம அப்படியே உள்ளுக்குள்ள விழுந்து கருந்துளை ஆகியிருக்கலாம்னு சொல்றாங்க," என்றாள் மாதங்கி.

மூன்றாவது வரிசையிலிருந்து ஓர் அம்மாள் கேட்டாள். "எரியவே இல்லைன்னா, அது இருந்துச்சுன்னு எப்படிம்மா தெரியும்?"

"சுத்தி இருக்கிறதெல்லாம் அதையேதான் சுத்திக்கிட்டிருக்கும்மா."

"பாவம். அதுக்குப் பேராவது வச்சிருக்கீங்களா?"

எழுதிக் கொடுத்திருந்த விளக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. தேவசகாயம் அடுத்த படத்தைப் போடாமல் கையை எடுத்துக்கொண்டார். வயிற்றில் இருந்தபோதே தேர்ந்து, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பெயரை மாதங்கி மைக்கில் சொன்னாள்.

"இளவெயினி."

இருட்டில் அந்த அம்மாள் பக்கத்து இருக்கைக்காரியின் பக்கம் சாய்ந்து, "இளவெயினியாம்," என்றாள்.