தலைக்கணக்கு

பழைய கணினி ஒன்றில் புது இயங்குதளத்தைக் குடியேற்ற ஒரு நிறுவி மென்பொருள் வந்தது. ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்துக் கோடு போடுவதுதான் அதன் முதல் வேலை. டிஸ்க்குக்குள் தகடுகளைப் படிக்கும் தலைகள் எத்தனை என்று தெரிந்தால்தான் கோடு விழும் இடம் தெரியும்.

"இருநூற்று ஐம்பத்தைந்து" என்றது டிஸ்க்.

கையகலப் பெட்டிக்குள் அத்தனை தலையா? நிறுவிக்கு நம்பிக்கை வரவில்லை.

"நிஜத்தைச் சொல்லுங்க. உங்க முன்பகுதியில ஒரு குடும்பத்தோட போட்டோ எல்லாம் இருக்கு. கணக்கு தப்பினா என் கோடு அதுமேல விழுந்துடும்."

டிஸ்க் குரலைத் தாழ்த்தியது. "நாலுதான்பா. இந்தக் கணினியில சேர்ந்த அன்னிக்கு மதர்போர்டு ஒரு படிவத்தை நீட்டிச்சு. நாலுன்னு எழுதினா ஏத்துக்கல. அது ஏத்துக்கிற எண்ணைச் சொன்னேன். அப்புறம் யாரும் கேக்கவே இல்ல."

நிறுவி டிஸ்க்கின் முதல் கட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போனது. கடைசிப் போட்டோவைத் தாண்டிக் கோடு போட்டது. படங்கள் பிழைத்தன.

"இனிமேலாவது நாலுன்னே எழுதிடு" என்றது டிஸ்க், நிம்மதியாக.

நிறுவி அந்தப் படிவத்தை எடுத்தது. அதைப் படித்துத்தான் மதர்போர்டு கணினியை எழுப்பும்; நாலு என்றிருந்தால் எழுப்பாது. வெகுநேரம் யோசித்தது. பிறகு டிஸ்க்கைப் பார்க்காமல், மதர்போர்டு ஏற்கும் எண்ணையே எழுதியது: இருநூற்று ஐம்பத்தைந்து.