நெஞ்சு வரை வந்த கல்

கல் என் நெஞ்சில் இருந்தது. இன்னும் ஒரு மூச்சு பிடித்தால் தோளுக்குப் போய்விடும்.

பொங்கலுக்கு மறுநாள், கரிநாள் மத்தியானம். சுடலைமாடன் கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. முழங்கால், வயிறு, நெஞ்சு என்று இளவட்டக்கல் என்மேல் ஏற ஏற, கூச்சல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள்.

நான் சுந்தரியைப் பார்த்தேன். பெண்கள் கூட்டத்தில் முன்னால் நின்றாள். வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினாள்.

சண்முகசுந்தரி எனக்கும் முறைப்பெண், மந்திரமூர்த்திக்கும் முறைப்பெண். அவளுடைய அப்பா நயினார் மாமா ஊர் முன்சீப். இரண்டு வீட்டையும் பகைத்துக்கொள்ளத் தைரியம் இல்லாத மனுஷர். கல்லைத் தூக்குகிறவனுக்குத்தான் பெண் என்று சொல்லி, பொறுப்பைக் கல்லின் தலையில் போட்டுவிட்டார்.

மந்திரமூர்த்தி உளுந்தங்களியைத் தின்றுவிட்டு வீட்டு வாசலில் உரலைத் தூக்கிப் பழகினான். நாலு பேர் பார்க்க வேண்டும் அவனுக்கு.

நான் குற்றாலத்துக்குப் போனேன். சாரல் காலம் முழுக்க, ஆற்றில் பாசி பிடித்துக் கிடக்கும் உருண்டைக் கற்களோடு மல்லுக்கட்டினேன். ஈரக்கல் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். அதை அணைத்துத் தோளில் ஏற்றப் பழகிவிட்டால் காய்ந்த கல் ஒரு பொருட்டே இல்லை. அதற்குள் கால் நகங்கள் பெயர்ந்துபோயின, நெஞ்சுத் தோல் உரிந்துபோனது. உரியட்டும் என்று இருந்தேன்.

இந்தக் கல்லை என்னால் தூக்க முடியும். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் வேப்பமர நிழலில், மாமாவுக்குப் பக்கத்தில், காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு தகரப் பெட்டி. நாலு நாளாக முன்சீப் வீட்டில் தங்கியிருக்கும் விருந்தாளி என்பதற்கு மேல் அவரைப் பற்றி ஊருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். போகியன்று சிற்றாற்றங்கரையில் சுந்தரி சொல்லியிருந்தாள்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தவராம். கல்லைத் தூக்குகிறவனை அப்படியே தென்காசிக்குக் கொண்டுபோய் ரயில் ஏற்றிவிடுவாராம். முன்சீப்பே நினைத்தாலும் தடுக்க முடியாதாம். பர்மாச் சண்டைக்குப் போன பேச்சித்தாய் மகன் தந்தியாகத் திரும்பி வந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"நீங்க தூக்காதீங்க அத்தான். தோத்தாலும் உசுரோட இருந்தாப் போதும். அய்யாவ நான் சரிக்கட்டிக்கிடுதேன்" என்று அழுதாள்.

முன்சீப் வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாததா? நம்பினேன்.

கண்ணைத் துடைக்க அவள் கையைத் தூக்கியபோது மேல்கையில் வட்டம் வட்டமாகச் சிவந்த காயங்கள் தெரிந்தன. மேலே இரண்டு, கீழே இரண்டு. என்ன என்று கேட்டேன். முறுக்கு சுடும்போது எண்ணெய் தெறித்துவிட்டது என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. கிட்டே போய் மெல்ல ஊதிவிட்டேன். எனக்காக அழ ஒருத்தி இருக்கிறாள் என்று அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம்.

கைகளைத் தளர்த்தினேன்.

கல் தொப்பென்று விழுந்து மண்ணில் பதிந்தது. கொஞ்ச நேரம் யாரும் நம்பவில்லை. பிறகு சிரித்தார்கள். எனக்கு ஒரு சேலை எடுத்து வரச்சொல்லி யாரோ கத்தினார்கள். என் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சுந்தரி என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்து மந்திரமூர்த்தி வந்தான். கல் முழங்காலிலேயே நழுவப் பார்த்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைக்கத் தட்டுத்தடுமாறி, எப்படியோ தோளில் ஏற்றிப் பின்னால் தள்ளிவிட்டான்.

குலவைச் சத்தம் எழுந்தது. முதலில் எழுந்தது சுந்தரியின் குரல்.

பட்டாளத்துக்குப் போகப் போகிறவனுக்கு எதற்கு இவ்வளவு குலவை என்று தோன்றியது. அப்பாவுக்காக நடிக்கிறாள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மந்திரமூர்த்தியை நினைத்தால் பாவமாகக்கூட இருந்தது.

மாமா அவனுக்கு மாலை போட்டார். காக்கிச் சட்டைக்காரர் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மாமா தொண்டையைக் கனைத்தார்.

"ஏலே, ஒருத்தனும் ஓடப்படாது. அய்யா அம்மை குத்த வந்திருக்காரு. முன்னாலயே சொன்னா வயக்காட்டுல போயி ஒளிஞ்சிக்கிடுவீய. அதான் வாயத் தொறக்கல."

ஊர் முணுமுணுத்தது. ஆத்தா தானாக வந்து இறங்குகிறதை ஊசியால் மறிப்பதா என்று கிழவிகள் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டார்கள். தலையாரி வழியை மறித்துக்கொண்டு நின்றதால் யாராலும் ஓட முடியவில்லை.

ஜெயித்த மந்திரமூர்த்தி முதலில் கையை நீட்டினான். அடுத்து என்னைப் பிடித்துத் தள்ளினார்கள்.

அவர் என் மேல்கையைத் துடைத்தார். அமுக்கிப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டு எப்படித் தோற்றீர் என்று கேட்டார். மருந்தைத் தடவி, பல் வைத்த சின்ன இரும்பு ஒன்றை வைத்து அழுத்தித் திருகினார். மேலே இரண்டு, கீழே இரண்டு.

நாலு சிவப்பு வட்டங்கள். எண்ணெய் இப்படி வரிசை பார்த்துத் தெறிக்காது.

மருந்து காயட்டும் என்று அவர் குனிந்து என் கையில் மெல்ல ஊதினார்.

ஆற்றங்கரையில் நானும் இப்படித்தான் ஊதினேன்.