நிழல் அளந்த நாள்

வெயிலே நுழையாத எங்கள் மூடிய குடியிருப்பில் நாலாபக்கமும் விளக்கு. யாருக்கும் நிழல் விழாது. மனைவி இறந்த மறுவருஷம், என் ஐந்து வயது மகள் செவ்வந்திக்கு மூன்றுக்கு மேல் எண்ண வராது என்று பாடம் சொல்லித்தரும் கருவி கைவிட்டுவிட்டது. ஊருக்கு வெளியே நடக்கும் வெயில் வகுப்புக்கு அவளைக் கூட்டிப்போனேன்.

காலையில் முபீனா டீச்சர் என்னை வெயிலில் நிறுத்தினார். செவ்வந்தி என் நிழலைச் சுற்றிக் கரியால் வரைந்து, அதைத் தன் பாதத்தால் அளந்தாள். டீச்சர்தான் எண்ணினார். பன்னிரண்டு.

உச்சிவேளையில் மறுபடி அளந்தாள். நிழல் இரண்டு பாதத்தோடு முடிந்துவிட்டது.

"அப்பா, நீயும் குறையுறியா?"

அவள் அம்மா நோயில் மெலிந்து மெலிந்துதான் போனாள்.

"அப்பா குறையலம்மா. நிழல்தான். சாயங்காலம் வளந்துடும்," என்றார் டீச்சர்.

"பொய்."

"அப்ப நம்பாதே. நீயே அளந்து பாரு."

அவள் சோற்றைத் தொடவில்லை. என்னையும் நகர விடவில்லை. மற்றப் பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டு எண்களை முணுமுணுத்தபடி இருந்தாள். வெயில் சாய்ந்ததும், பாதத்தின் முன் பாதம் வைத்துத் தானே எண்ணினாள்.

"பதினொண்ணு, பன்னெண்டு... பதிமூணு!"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போதும்ப்பா, உட்காரு. எனக்குப் பசிக்குது."