உவர்க்கிணறு

"ஐயா, உந்த மெசினை நிப்பாட்டுங்கோ! ஆவணி மாசத்திலை இருக்கிற தண்ணியையும் இறைச்சு முடிச்சால், நாளைக்கு ஏலத்துக்கு ஆர் வருவினம்?"

பராசக்தியின் குரல் இறைப்பு மெசினின் இரைச்சலில் பாதி அமுங்கிப்போனது.

அவள் கணவர் ஈடு வைத்த அந்தப் புகையிலைத் தோட்டத்தை விற்க நீதிமன்றம் நியமித்த றிசீவர் செபநாயகம், குடையின் கீழ் நின்றபடி மணிக்கூட்டைப் பார்த்தார்.

"விடியக்காலமை தொடங்கினது. பொழுதுபடும் மட்டும் ஓடட்டும்."

கணவர் இறந்து இரண்டு வருசம். அதன்பிறகு பராசக்தி இந்தப் பக்கம் வந்ததில்லை. காய்ந்த வாய்க்காலில் இன்றைக்குத் தண்ணீர் ஓட, மைனாக்கள் குளித்துக்கொண்டிருந்தன. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்துத் தோட்டக் கனகலிங்கம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"கண்டியளே அக்கா? கோட்டு ஆள் எண்டால் உப்பிடித்தான். கிணறு உவராய்ப் போச்சுதெண்டு தெரிஞ்சும், அண்ணையின்ரை முகத்துக்காக எட்டாயிரம் தாறன் எண்டனான். மனுசன் அசையேல்லை."

"தம்பிக்கே எழுதிக் குடுத்தால் என்ன ஐயா?"

"கடன் பதினோராயிரம். மிச்சத்துக்கு நீங்கள் இருக்கிற வீடுமல்லோ ஏலத்துக்கு வரும்?"

"அதுக்குக் கடன் தந்தவரோடை நான் கதைக்கிறன்" என்றார் கனகலிங்கம்.

"கதையுங்கோ. நாளைக்கு ஏலத்திலையும் வந்து கேளுங்கோ. ஒருத்தருக்கு ஒளிச்சு விக்க எனக்கு உரிமையில்லை."

"கிணறு வத்தினால்?" என்று கேட்டாள் பராசக்தி.

"வத்தினதெண்டுதான் சொல்லுவன். வாங்க வாற ஆளையும் ஏமாத்தேலாது."

'கல்நெஞ்சன்' என்று முணுமுணுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் அவள் ஏலத்துக்குப் போகவில்லை. மத்தியானம் செபநாயகமே படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"வீட்டுக்கு இனிப் பயமில்லை அம்மா. பதின்மூவாயிரத்துக்குப் போச்சுது. செலவும் கடனும் போக மிச்சம் கோட்டிலையிருந்து உங்களுக்கு வரும்."



"அந்த உவர்க்கிணத்துக்கோ?"

"ஒரு நாள் முழுக்க இறைச்சும் ரெண்டு முழந்தான் இறங்கினது. விடியப் பார்க்கப் பழைய மட்டத்திலை நிக்குது. ஏலத்துக்கு வந்த எல்லாருக்கும் மூக்குப்பேணியிலை அள்ளி நீட்டினன். குடிச்சுப் பாத்துத்தான் விலை கேட்டவை. நல்ல தண்ணி அம்மா."

"அப்ப... இரண்டு வருசமாய் ஊரெல்லாம் உவர் உவரெண்டு சொன்னதே?"

"சொன்னதுதான். ஒருத்தர் மட்டும் பேணியைத் தொடவேயில்லை. ஒரு மிடறும் குடியாமல், விட்டுக்குடாமல் ஏத்தி ஏத்திக் கேட்டு அவரே எடுத்தார்."

"ஆரையா அந்தப் புண்ணியவான்?"

செபநாயகம் குடையை விரித்தார்.

"உங்கடை தம்பி கனகலிங்கம்தான்."