டீக்கறை

வைசாகப் பௌர்ணமி ஊர்வலத்தில் கிளாரினெட்டைத் தனியாக வாசிக்கும் இடம் பதினான்கு வருடமாக அசோகனுடையது. இந்த முறை பேண்டு மாஸ்டர் அதை இளையவன் வேந்தனுக்குக் கொடுத்துவிட்டார். அந்த வேந்தனே ஊர்வலத்தன்று காலையில், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பில் இருந்த அசோகன் வீட்டுக்குத் தன் கிளாரினெட்டோடு வந்து நின்றான்.

"அண்ணே, இந்தக் கீ ஒட்டிக்குது. சாயங்காலம் ஊர்வலம். நீங்கதான் பாக்கணும்."

கீயின் அடியில் துளையை மூடும் மெத்தையான பேடுக்குக் கீழே சிகரெட் தாளை வைத்து அமுக்கி இழுத்தால் ஈரம் போய்விடும். அசோகன் அப்படியே செய்தார். பிறகு வேந்தன் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, குடித்துக்கொண்டிருந்த டீயில் விரலை நனைத்து அந்தப் பேடில் தடவினார். சர்க்கரை காய்ந்தால் நன்றாக ஒட்டும்.

மத்தியானம் தன் கிளாரினெட்டை எடுத்தார். அதே கீ ஒட்டியது. தாளை வைத்து இழுத்தார். டீக்கறை. ஒன்பது தாள் ஆயிற்று, கறை மங்கவேயில்லை.

வேந்தன் வீட்டுக்கு ஓடினார். "கொடுப்பா, இன்னொரு தடவை பாத்துடறேன்." அவன் கிளாரினெட்டில் இழுத்த தாள் வெள்ளையாக வந்தது.

"நல்லாத்தானே இருக்குது? இன்னாத்துக்குண்ணே வெயில்ல அலையறீங்க?"

"காலையில அதுல டீயத் தடவுனேன்டா. வயித்தெரிச்சல்."

வேந்தன் கருவியை வாங்கி அந்தக் கீயை ஒருமுறை அமுக்கிப் பார்த்தான். பிறகு, "இன்னொரு தாள் போடுங்கண்ணே" என்று அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

இந்தத் தாள் பழுப்பாக வந்தது. அடுத்தது வெள்ளை.

பழுப்புத் தாள் அசோகனின் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது காலை டீயைப் போல இன்னும் சூடாக இருந்தது.